பெறுபேற்றைப் பெற்றோருக்கு எப்படிக் காட்டுவது: வட்ட வரைபா, நிரல் வரைபா, வெறும் அட்டவணையா?

மஸ்கெலியா_கணக்கு (ஞாயிறு, இரவு 8.10)

எல்லோருக்கும் வணக்கம். தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கணிதம் படித்துக்கொடுக்கிறேன். அடுத்த மாதம் பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பொதுக்கூட்டம். ஐந்து வருடச் சாதாரண தரப் பரீட்சைப் (தரம் 11) பெறுபேற்றைப் பெற்றோருக்கு விளக்கும் வேலையை அதிபர் என் தலையில் கட்டிவிட்டார். தந்திருப்பது கால் மணி நேரம்.

கல்வி வலய அலுவலகத்துக்கு அனுப்பிய பவர்பொயிண்ட் ஏற்கெனவே இருக்கிறது. வருடத்துக்கு ஒன்றாக ஐந்து வட்ட வரைபுகள், எல்லாம் முப்பரிமாணம், ஒவ்வொன்றிலும் ஏ, பி, சி, எஸ் (சாதாரண சித்தி), டபிள்யூ (சித்தியில்லை) என்று ஐந்து துண்டுகள். அதையே போட்டால் போதும் என்கிறார்கள். கணிதம் படித்த எனக்கே அதைப் பார்த்து முன்னேறியிருக்கிறோமா, சறுக்கியிருக்கிறோமா என்று சொல்ல முடியவில்லை.

வருகிறவர்களில் பெரும்பாலும் அம்மாமார். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே வருவார்கள். சிலர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள்தான், ஆனால் கிலோக் கணக்கில் அவர்களை யாரும் ஏமாற்ற முடியாது. கரண்ட் இருந்தால் புரொஜெக்டர், இல்லாவிட்டால் டிமை பேப்பர் (சுவரில் ஒட்டுகிற பெரிய தாள்).

உண்மையான எண்களை இங்கே போட மாட்டேன். ஒரு பேச்சுக்கு, வருடத்துக்கு 14 பேர் பரீட்சை எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயர்தரத்துக்குத் தகுதி பெற்றவர்கள் போன முறை 8, இந்த முறை 10. எப்படிக் காட்டலாம்?

---

பதுளை_பிரிண்டர் (ஞாயிறு, இரவு 8.32)

முதல் வேலையாக அந்த முப்பரிமாணத்தைத் தூக்கி எறியுங்கள் சேர். சாய்த்து வைத்த வட்டத்தில் முன்னால் இருக்கிற துண்டு எப்போதும் பெரிதாகத்தான் தெரியும், ஏனென்றால் அதன் பக்கச் சுவரும் சேர்ந்து கண்ணில் படும். டபிள்யூ துண்டைப் பின்னால் தள்ளிவிட்டால் பாதிப் பேர் தவறியதுகூடத் தெரியாது. கடைக்கு வருகிற சிலர் இது தெரிந்தேதான் கேட்கிறார்கள்: “அண்ணே, அந்தச் சிவப்பைக் கொஞ்சம் பின்பக்கம் திருப்பி விடுங்க.”

இன்னொன்று படம். “உற்பத்தி இரண்டு மடங்கு, கூடையை இரண்டு மடங்கு பெரிசாப் போடுங்க” என்பார்கள். உயரத்தை இரண்டு மடங்காக்கினால் அகலமும் சேர்ந்து கூடும், பரப்பு நான்கு மடங்காகிவிடும். பார்க்கிறவன் மனதில் நிற்பது அந்த நாலுதான். நானும் சொல்லிப் பார்ப்பேன். காசு கொடுக்கிறவர் சொன்னபடிதான் கடைசியில் அச்சாகும்.

---

நாவலப்பிட்டி_டேட்டா (ஞாயிறு, இரவு 9.05)

தரவுப் பகுப்பாய்வுதான் எனக்குத் தொழில், இப்போது இருப்பது கொழும்பில். பிரிண்டர் அண்ணன் சொன்னதை ஆய்வாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். 1984இல் கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இரண்டு அமெரிக்கப் புள்ளிவிவரவியலாளர்கள், ஒரே தரவை வெவ்வேறு விதமாக வரைந்து காட்டி, மனிதர் எதைச் சரியாக வாசிக்கிறார்கள் என்று அளந்தார்கள். ஒரே அளவுகோலின் மேல் இருக்கிற புள்ளிகளின் இடத்தை ஒப்பிடுவதில்தான் பிழை குறைவு. நீளம் அதற்கு அடுத்தது. கோணமும் பரப்பும் இன்னும் கீழே. வட்ட வரைபு கோணத்தையும் பரப்பையும் நம்பி நிற்கிறது. ஒரு வட்டம் என்றால் சமாளிக்கலாம். ஐந்து வட்டத்தைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து “சி துண்டு கூடியதா?” என்று கேட்பது பார்க்கிறவருக்கு வைக்கிற பரீட்சை.

ஒரு சின்ன வரலாறும் சொல்லிவிடுகிறேன். நிரல் வரைபையும் வட்ட வரைபையும் உலகத்துக்குத் தந்தவர் ஒருவரேதான், ஸ்கொட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர். நிரல் வரைபு 1786இல். ஸ்கொட்லாந்தின் வர்த்தகத்துக்கு அவரிடம் ஒரே ஒரு வருடக் கணக்குத்தான் இருந்தது. காலக்கோடு இழுக்க வழியில்லாமல், 17 நாடுகளுக்கும் பட்டை பட்டையாக வரைந்தார். வட்ட வரைபு 1801இல்தான் வந்தது.

நிரல் வரைபு போட்டால் அடியைப் பூச்சியத்தில் தொடங்குங்கள். உங்கள் எண்களையே எடுப்போம். 14இல் 8 என்றால் 57 வீதம், 10 என்றால் 71. அளவுகோலை 50இல் தொடங்கினால் ஒரு நிரலின் உயரம் 7, மற்றதன் உயரம் 21. கூடியது இரண்டே பேர். படத்தில் மூன்று மடங்கு.

---

சும்மா_ஒருத்தன் (ஞாயிறு, இரவு 9.11)

அப்படியே போடுங்க சேர், அதிபருக்கு விருது கிடைக்கும் 😀

---

லிந்துலை_வாத்தியார் (ஞாயிறு, இரவு 9.48)

ஆசிரிய ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவன். வட்ட வரைபை இப்படி ஒரேயடியாக விரட்டிவிட வேண்டாம். சாதாரண தர கணிதப் பாடத்திட்டத்திலேயே அது இருக்கிறது, பிள்ளைகள் ஆரைச்சிறைக் கோணம் கணித்துப் பழகியவர்கள். “மொத்தத்தில் எவ்வளவு” என்று ஒரு தடவை காட்ட அது போதும். இரண்டு துண்டுக்கு மேல் போகாமல் இருந்தால் சரி.

என் கவலை வேறு. 57இலிருந்து 71க்குப் போனோம் என்று மேடையில் சொல்வீர்கள், கைதட்டுவார்கள். அடுத்த வருடம் 50 வந்தால் என்ன சொல்வீர்கள்? 14 பேர் எழுதுகிற பாடசாலையில் ஒரு பிள்ளை என்றாலே 7 வீதம். ஒரு பிள்ளைக்குப் பரீட்சையன்று காய்ச்சல் வந்தால் பாடசாலையின் தரமே இறங்கிவிட்டதாகக் கோட்டக் கூட்டத்தில் விசாரிப்பார்கள். நகரத்துப் பாடசாலையில் 200 பேரில் ஒருவர் என்றால் அரை வீதம், அது கண்ணிலேயே படாது. வலயப் பட்டியல் எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள், தலையிலும் வாலிலும் நிற்பவை பெரும்பாலும் சின்னப் பாடசாலைகளாகத்தான் இருக்கும். அவை அதி திறமையானவையோ அதி மோசமானவையோ என்பதால் இல்லை, எண்ணிக்கை சிறியது என்பதால்.

வருடத்தையும் ஒழுங்காக எழுதுங்கள். 2021ஆம் ஆண்டுக்கான பரீட்சை நடந்தது 2022 மே மாதத்தில். 2023க்கானது 2024 மே மாதத்தில். “2022” என்று மட்டும் போட்டால் எந்தத் தொகுதிப் பிள்ளைகள் என்று பெற்றோருக்கு விளங்காது, தன் பிள்ளை எழுதிய வருடத்தைத் தேடிப் பார்த்துவிட்டுக் குழம்புவார்கள்.

---

நாவலப்பிட்டி_டேட்டா (ஞாயிறு, இரவு 10.02)

ஐயா சொல்வது முழுக்கச் சரி. கணக்கே போட்டுக் காட்டலாம்: ஒவ்வொரு பிள்ளைக்கும் தகுதி பெறும் வாய்ப்பு 60 வீதம், அது ஐந்து வருடமும் மாறவேயில்லை என்று வைத்தாலும், 14 பேரில் வருடத்துக்கு வருடம் இரண்டு பேர் கூடுவதும் குறைவதும் சர்வசாதாரணம். அதனால் இந்த அளவுப் பாடசாலைக்கு வீதமே வேண்டாம், ஆட்களையே காட்டுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு வட்டம். வருடத்துக்கு ஒரு வரிசை. தகுதி பெற்றால் நிரப்பிய வட்டம், இல்லாவிட்டால் வெறும் வட்டம். முடிந்தது.

1920களில் வியன்னாவில் ஒட்டோ நொய்ராத் என்பவர், அதிகம் படிக்காத தொழிலாளர்களுக்கு வீட்டு வசதி, சுகாதாரம், தொழில் பற்றிய கணக்குகளைக் காட்ட ஒரு அருங்காட்சியகமே நடத்தினார். அவருடைய விதி ஒன்றுதான்: எண்ணிக்கை கூடினால் படத்தைப் பெரிதாக்காதே, அதே அளவுப் படத்தை இன்னும் ஒன்று கூட வை. பிரிண்டர் அண்ணனின் கூடைப் பிரச்சினைக்கும் பதில் அதுதான்.

---

கொழுந்துக்கணக்கு (திங்கள், காலை 6.20)

தலவாக்கலைப் பக்கம் தோட்ட ஆபீஸ் ஒன்றில் வேலை. பாடசாலை விசயம் எனக்குத் தெரியாது, ஆனால் வரைபு ஒட்டி வாங்கிக் கட்டிக்கொண்ட கதை எங்களிடம் உண்டு.

முன்பு இருந்த துரை (தோட்ட அதிகாரி) ஒருவர், ஒவ்வொரு கேங்கின் (கொழுந்து பறிக்கும் குழுவின்) சராசரிக் கிலோவையும் மாதாமாதம் நிரல் வரைபாகப் பிரட்டுக்களத்தில் (காலையில் ஆட்கள் கூடி வேலை பிரிக்கிற இடத்தில்) ஒட்டச் சொன்னார். கூடினால் பச்சை, குறைந்தால் சிவப்பு. பிப்ரவரியில் எல்லா கேங்கும் சிவப்பு. மே மாதத்தில் எல்லா கேங்கும் பச்சை. இதில் யாருடைய திறமையும் இல்லை. எங்கள் டிம்புள்ளைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை பனியும் வெயிலும் காற்றும். தேயிலை ருசியாக இருக்கும், கொழுந்து குறைவு. சித்திரை மழை விழுந்தால் கொழுந்து வெள்ளமாக வரும். ஊவா பக்கம் இந்தக் காலமே வேறு, அவர்களுக்குத் தரமான தேயிலை வருவது ஜூலை முதல் செப்டெம்பர் வரை. மே மாதத்தை ஏப்ரலோடு ஒப்பிட்டு என்ன பிரயோசனம்? போன வருட மே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, மலை. ஒரு கேங்குக்குக் கவாத்து வெட்டி எழும்பி வருகிற மலை, இன்னொன்றுக்கு நல்ல வி.பி. (வெட்டுத்துண்டு நட்டு வளர்த்த தேயிலை) மலை, மூன்றாவதுக்குச் செங்குத்தில் பழைய விதைத் தேயிலை. மூன்றையும் ஒரே அளவுகோலில் நிறுத்தி “நீ சிவப்பு” என்றால்? “அந்த மலையில் துரையை வந்து பறிக்கச் சொல்லுங்க” என்று ஒரு அம்மா பிரட்டுக்களத்திலேயே கேட்டுவிட்டார். துரை சிரித்துக்கொண்டு நின்றார், வேறு என்ன செய்வது.

பெரிய சண்டை வந்தது இரண்டாலும் இல்லை, கழிவால், அதாவது நிறுத்த பிறகு ஆபீஸ் கழிக்கிற கிலோவால். வரைபில் இருந்தது கழிவு போன கிலோ. அவர்கள் மனதில் இருப்பது தராசில் பார்த்த கிலோ. எது என்று ஒரு வார்த்தை அதில் எழுதியிருக்கவில்லை. ஆபீஸ் கிலோவைத் திருடுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டதால் காயப்பட்டு நின்றவர்களுக்கு இதுவும் சேர்ந்தால் சும்மா இருப்பார்களா?

பிறகு மாற்றினோம். மலைக்கு ஒரு தாள். போன வருடம் மெல்லிய சாம்பல் கோடு, இந்த வருடம் தடித்த கறுப்புக் கோடு. கீழே “கழிவு போக” என்று எழுத்தில். ஆள் பெயரும் இல்லை, நிறமும் இல்லை. நின்று பார்க்கிறார்கள். பாதிப் பேர் அதைத் துரையிடம் திருப்பிக் காட்டி உரம் கேட்கிறார்கள்.

---

நாவலப்பிட்டி_டேட்டா (திங்கள், காலை 7.40)

அருமை அண்ணே. தேயிலை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நாட்டின் தேயிலை உற்பத்தி 2021இல் சுமார் 299 மில்லியன் கிலோ, இரசாயன உரத் தடைக்குப் பிந்திய 2022இல் சுமார் 251 மில்லியன். 16 வீத வீழ்ச்சி, அதுவே பெரிய அடி. ஆனால் அடியை 240இல் வெட்டி நிரல் வரைந்தால் 59க்குப் பக்கத்தில் 11 நிற்கும், தொழிலே ஐந்தில் ஒன்றாகச் சுருங்கியது போல. உண்மையே போதுமான அளவு மோசமாக இருக்கும்போது இந்த வித்தை எதற்கு? சில வேளை இது வேண்டுமென்று செய்வதும் இல்லை, எண்கள் நெருங்கி இருந்தால் எக்ஸல் தானாகவே அடியை வெட்டிவிடும். ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

கோட்டு வரைபுக்கு இந்தப் பூச்சிய விதி இல்லை. அங்கே கண் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை, நிரலில் நீளத்தை.

---

ஹட்டன்_அம்மா (திங்கள், பிற்பகல் 1.15)

சேர், நான் உங்கள் கூட்டத்துக்கு வருகிற மாதிரி ஆள்தான், வேறு பாடசாலை. மூத்தவள் போன முறை எழுதினாள், சின்னவன் தரம் 9.

எங்களுக்கு ஐந்து வருடக் கணக்கெல்லாம் இரண்டாம் பட்சம். நான் கூட்டத்தில் உட்கார்ந்து யோசிப்பது ஒன்றுதான்: என் பிள்ளை எந்தப் பாடத்தில் மாட்டிக்கொள்ளும், அதற்கு இப்போதே நான் என்ன செய்யலாம். அதைச் சொல்லாமல் “பாடசாலைச் சராசரி” என்று பேசினால் பாதியிலேயே லயத்தில் அடுப்பு ஞாபகம் வந்துவிடும்.

இன்னொன்று, யோசித்துப் போடுங்கள். 14 பிள்ளையில் ஒன்றுக்கு மட்டும் தமிழில் டபிள்யூ என்று படத்தில் ஒரு வட்டம் தனியாக நின்றால், பெயர் எழுதத் தேவையே இல்லை, யார் என்று முழு டிவிஷனுக்கும் தெரியும். அந்தப் பிள்ளையின் அம்மாவும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். டவுனில் புலமைப்பரிசில் பதாகை தொங்குகிறது, சித்தியடைந்த பிள்ளைகளின் படம் போட்டு. நல்லதுதான். அதில் இல்லாத பிள்ளைகள் அதைக் கடந்துதான் தினமும் பள்ளிக்குப் போகிறார்கள். பத்து வயது.

---

மஸ்கெலியா_கணக்கு (திங்கள், மாலை 5.30)

அக்கா, இந்தக் கேள்வியை எங்கள் ஆசிரியர் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. நன்றி. பாடவாரியாகக் காட்டினால் ஐந்து வருடத்தையும் சேர்த்து 70 பேராகக் காட்டுகிறேன், அப்போது யாரும் தனியாகத் தெரிய மாட்டார்கள். அது ஐயா சொன்ன சிறிய எண்ணிக்கைப் பிரச்சினைக்கும் கொஞ்சம் மருந்து.

அப்படியானால் இரண்டு படம்: ஒன்று வருடவாரியாக வட்டங்கள், மற்றது பாடவாரியாக. பாடப் படத்தை எப்படி வரைவது? ஒன்பது பாடம், ஒவ்வொன்றிலும் ஐந்து தரம்.

---

நாவலப்பிட்டி_டேட்டா (திங்கள், மாலை 6.10)

நிரலைப் படுக்கப் போடுங்கள். நம் பாடப் பெயர்கள் நீளம்: “சுகாதாரமும் உடற்கல்வியும்”, “தமிழ்மொழியும் இலக்கியமும்”. நிமிர்த்திய நிரலுக்குக் கீழே எழுதினால் எக்ஸல் அவற்றைச் சாய்த்துவிடும், கழுத்தைத் திருப்பித்தான் வாசிக்க வேண்டும். படுக்கப் போட்டால் பெயர் இடதுபக்கம் ஒரே வரியில் நிற்கும்.

நடுவில் ஒரு நிமிர்ந்த கோடு. ஏ, பி, சி வலதுபக்கம் நீளட்டும். எஸ், டபிள்யூ இடதுபக்கம். உயர்தரத்துக்குப் போக மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடத்தில் சித்தி, அதில் மூன்றிலாவது சி அல்லது அதற்கு மேல் வேண்டும் என்பதால், அந்தக் கோடு வெறும் அலங்காரம் இல்லை. பாடங்களை அச்சிட்ட வரிசையில் வைக்காதீர்கள். டபிள்யூ கூடிய பாடம் மேலே, குறைந்தது கீழே. ஐந்து தரத்துக்கு ஐந்து நிறமும் வேண்டாம், வலப்பக்கம் ஒரு நிறம், எஸ் வெளிறியது, டபிள்யூ அழுத்தமானது. மூன்று போதும்.

தலைப்பை “பாடவாரியான பெறுபேற்றுப் பகுப்பாய்வு” என்று எழுதாமல், படம் என்ன சொல்கிறதோ அதையே எழுதுங்கள். “கணிதத்திலும் ஆங்கிலத்திலும்தான் பிள்ளைகள் அதிகம் நின்றுபோகிறார்கள்” என்ற மாதிரி. எந்தப் பாடம் என்பது உங்கள் தரவு.

---

பதுளை_பிரிண்டர் (திங்கள், மாலை 6.45)

நிறத்தைப் பற்றி நான் பேசியே ஆகவேண்டும்.

பச்சை, சிவப்பு வேண்டாம். ஆண்களில் சிலருக்கு அந்த இரண்டும் பிரித்துத் தெரியாது, பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. போட்டோ கொப்பி எடுத்தால் இரண்டும் ஒரே சாம்பல். அதோடு நம் ஊரில் பச்சை ஒரு கட்சி, சிவப்பு இன்னொரு கட்சி, கூட்டத்தில் யாராவது ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டால் பெறுபேறு மறந்துபோகும். கடும் நீலம், வெளிர் மஞ்சள், அவ்வளவுதான். டபிள்யூ பகுதிக்குக் கோடு கோடாக நிரப்புங்கள், கறுப்பு வெள்ளையிலும் தெரியும்.

எழுத்து: தயவுசெய்து பாமினியில் அடித்து அனுப்பாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் “கணிதம்” ஆங்கில எழுத்துக் குவியலாக வந்து நிற்கும், வட்ஸ்அப்பில் அனுப்பினால் சொல்லவே வேண்டாம். யூனிகோடில் அடியுங்கள், பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

---

சும்மா_ஒருத்தன் (திங்கள், இரவு 8.20)

எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒரு கேள்வி. 14 பேர் எழுதினார்கள் என்கிறீர்கள். அந்தத் தொகுதி தரம் 6இல் எத்தனை பேர்?

---

மஸ்கெலியா_கணக்கு (திங்கள், இரவு 8.41)

அதுவும் ஒரு பேச்சுக்கான எண்தான்: 22 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

---

சும்மா_ஒருத்தன் (திங்கள், இரவு 8.55)

அப்போ 14இல் 10 இல்லை, 22இல் 10. 71 வீதம் 45 ஆகிவிட்டது. நான் அந்த மீதி எட்டில் ஒருத்தன், வேறு பாடசாலை, வேறு வருடம். தரம் 10இல் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனேன். நான் போனதால் எங்கள் பாடசாலையின் வீதம் கூடியிருக்கும். கணக்கு சரிதானே சேர்?

---

லிந்துலை_வாத்தியார் (திங்கள், இரவு 9.30)

கணக்கு சரி தம்பி. இதை யாரும் வலயக் கூட்டத்தில் கேட்டதில்லை என்றும் சொல்ல மாட்டேன், கேட்டால் பதில் வராது. பலவீனமான பிள்ளை இடையில் நின்றால் பாடசாலையின் வீதம் தானாகவே அழகாகிவிடும். கட்டாயக் கல்வி வயது 16 என்று சட்டம் இருக்கிறது, ஆனால் பெறுபேற்று வீதத்தின் பகுதியெண்ணில் (கீழே வருகிற எண்ணில்) பரீட்சைக்கு வந்தவன் மட்டும்தான் நிற்கிறான்.

ஆனால் நிதானம். 22இலிருந்து 14 என்பதில் எட்டுப் பேரும் இடைவிலகியவர்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிலர் பெற்றோரோடு இடம் மாறிப் போயிருப்பார்கள். கொஞ்சம் கெட்டிக்காரப் பிள்ளையைத் தரம் 7, 8இலேயே டவுன் பாடசாலைக்கு மாற்றுகிறவர்களும் உண்டு. அந்தப் பிள்ளை அங்கே ஒன்பது ஏ எடுத்தால் அது அந்தப் பாடசாலையின் பதாகையில் ஏறும். தோட்டப் பாடசாலைக்கு அது கணக்கில் நட்டம்தான். இரண்டையும் ஒரே வெறும் வட்டமாகப் போட்டால் ஆசிரியர்களுக்கு அநியாயம்.

சேர்வு இடாப்பையும் விடுகைப் பத்திரப் பிரதிகளையும் எடுத்துப் பாருங்கள். வேறு பாடசாலைக்குப் போனவர் யார், எங்கும் போகாதவர் யார் என்று பெரும்பாலும் பிரிக்க முடியும்.

---

மஸ்கெலியா_கணக்கு (செவ்வாய், மாலை 4.50)

இன்று இடாப்பை எடுத்துப் பார்த்தேன். பிரிக்க முடிகிறது, ஒருசிலரைத் தவிர. அதிபரிடமும் பேசினேன். முதலில் முகம் மாறியது: “நாமே நம்மைக் காட்டிக் கொடுக்கிறதா?” வேறு பாடசாலைக்குப் போனவர்களைத் தனியாகக் காட்டுவேன் என்றதும் கொஞ்சம் இறங்கி வந்தார். அவருக்கு அது வருடக்கணக்காக மனதில் இருக்கிற குறை. வலயத்துக்கு அந்தப் பழைய பவர்பொயிண்ட்டே போகும், பெற்றோருக்கு இது, என்று முடிவு.

ஒவ்வொரு தொகுதியையும் தரம் 6இல் சேர்ந்த எண்ணிக்கையிலிருந்து தொடங்குகிறேன். தகுதி பெற்றவர் நிரப்பிய வட்டம். எழுதித் தகுதி பெறாதவர் பாதி நிரப்பியது. பரீட்சைக்கு வராமல் பள்ளியை விட்டவர் வெறும் வட்டம். வேறு பாடசாலைக்குப் போனவர் வரிசையின் கடைசியில், சற்று விலகி, ஒரு அம்புக்குறியோடு. பெருந்தொற்றில் பள்ளி மூடியிருந்த காலத்தில் படித்த தொகுதிகளுக்குப் பக்கத்தில் ஒரு வரிக் குறிப்பு.

---

ஹட்டன்_அம்மா (செவ்வாய், மாலை 6.05)

பாதி நிரப்பிய வட்டம் தூரத்திலிருந்து தெரியாது சேர். எங்களில் பலருக்குக் கண்ணாடி வேண்டும், போட மாட்டோம்.

வெறும் வட்டத்துக்கு “விட்டவர்” என்று எழுதாதீர்கள். தாங்களாக விட்டதில்லை பல பிள்ளைகள். “பரீட்சைக்கு வர முடியாமல் போனவர்” என்று எழுதலாம். அந்த வட்டங்களைக் காட்டும்போது எந்தத் தரத்தில் போனார்கள் என்பதையும் சொல்லுங்கள், அதுதான் தரம் 9இல் பிள்ளை இருக்கிற எனக்குத் தேவை.

---

நாவலப்பிட்டி_டேட்டா (செவ்வாய், மாலை 6.30)

அக்கா சொன்னதைப் படத்திலேயே காட்டலாம். தரம் 6இலிருந்து 11 வரை படிப்படியாக இறங்குகிற ஒரு வரிசை, எல்லாத் தொகுதியையும் சேர்த்து. பிள்ளை குறைகிற இடம் எந்தப் படி என்று கண்ணால் பார்க்கலாம். ஆனால் கால் மணி நேரத்தில் மூன்று படம் அதிகம். என் தேர்வு: இந்தப் படியும், பாடப் படமும். வருடவாரி வட்டங்களை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள், நிற்கிறவர்கள் பார்ப்பார்கள்.

---

லிந்துலை_வாத்தியார் (செவ்வாய், இரவு 7.15)

நான் மாறுபடுகிறேன். ஐந்து வருட வட்டங்களை மேடையில் வையுங்கள். கூட்டத்துக்கு வருகிற எல்லோருக்கும் அந்த வட்டங்களில் ஒன்று அண்ணன் பிள்ளையோ, அடுத்த காம்பரா (லய வீட்டு) பிள்ளையோதான். பாடப் படத்தை அச்சடித்துக் கையில் கொடுங்கள், வீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்கட்டும். படிவரிசையை வாயால் சொன்னாலே போதும்.

---

கொழுந்துக்கணக்கு (செவ்வாய், இரவு 7.50)

எனக்கும் வாத்தியார் ஐயா சொல்வதே சரியாகப் படுகிறது. ஒன்று மட்டும்: முதலில் ஒரு வரிசையை மட்டும் காட்டி, “இது ஒரு பிள்ளை, இது இன்னொரு பிள்ளை” என்று விரல் வைத்துச் சொல்லிவிட்டு, பிறகு மற்ற நாலையும் திறவுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒட்டினால் நீங்கள் பேசுவதை யாரும் கேட்க மாட்டார்கள், எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

---

பதுளை_பிரிண்டர் (செவ்வாய், இரவு 8.25)

அப்படியானால் பாதி வட்டத்தை விட்டுவிடுங்கள். கடும் நீல வட்டம், மஞ்சள் வட்டம், ஓரம் மட்டும் கறுப்பான வெள்ளை வட்டம். புத்தகக் கடையில் கிடைக்கிற ஸ்டிக்கர் சின்னது, மண்டபத்துக்குப் பத்தாது. பிரிஸ்டல் போர்டில் ஐந்து சென்டிமீட்டர் வட்டமாக வெட்டுங்கள். ஒரு வரிசையில் 22 வந்தால் இடைவெளியோடு ஒன்றரை மீட்டருக்கு மேல் போகும், ஒரு டிமைத் தாளில் அடங்காது. தாள்களை நீளவாக்கில் சேர்த்து ஒட்டி, வருடத்தை இடது ஓரத்தில் “2023க்கான பரீட்சை, 2024 மே” என்று ஐயா சொன்ன மாதிரி முழுதாக எழுதுங்கள். ஒட்டுவதற்கு முன்னால் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்து ஒரு தடவை பாருங்கள், மஞ்சளும் வெள்ளையும் பிரிந்து தெரிகிறதா என்று. தெரியாவிட்டால் மஞ்சளுக்குப் பதில் செம்மஞ்சள்.

---

மஸ்கெலியா_கணக்கு (செவ்வாய், இரவு 9.02)

சரி. மேடையில் வட்டங்கள், கையில் பாடப் படம், படிவரிசை வாயால். நாளைக்கே தரம் 10 பிள்ளைகளை வைத்து வட்டம் வெட்ட ஆரம்பிக்கிறேன். எதற்கு என்று அவர்களிடம் இப்போது சொல்லப் போவதில்லை.

---

சும்மா_ஒருத்தன் (செவ்வாய், இரவு 9.10)

சொல்லுங்க சேர். தரம் 10இல்தானே சொல்லணும்.